ஒன்றேகால் கிலோ ஹார்டனர்

பாறசாலையில் ஒரு சின்ன கம்பெனியில் பதினாறு வருடம் பாலியூரித்தேன் என்கிற ரப்பர் மாதிரிச் சரக்கை வார்த்திருக்கிறேன். "சார், கிராஸ்லிங்க் கூடினால் சரக்கு பலமாகும்தானே?" என்று இப்போது யாராவது போன் செய்து கேட்டால் அலுப்புத்தான் வருகிறது. இல்லையப்பா. அது தெரியாமல் நான் கெடுத்தது சரக்கை மட்டுமல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கூரை ஓட்டுக் கம்பெனிக்கு டிராலி வீல் வார்த்துக் கொடுத்தோம். பதினைந்தாம் நாள் நாற்பது வீலும் சாக்கில் திரும்பி வந்தன. ஓடு ஏற்றிய டிராலி ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றதில் வீலின் அடி சப்பிப்போய், திங்கட்கிழமை தள்ளினால் கடகடவென்று ஆடியதாம். ஷோர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கடினம் தொண்ணூறு, சரியாகவே இருந்தது. அரை நாள் தலையைச் சொறிந்தேன்.

அளவு எழுதிக் கொடுப்பது நான். வார்த்தவன் லூர்து, காஞ்சிரங்குளம் கடற்கரைக்காரன். முன்பு மீன்பிடிக்கிற ஃபைபர் வள்ளம் செய்தவன். அந்தத் தூசியில் நெஞ்சு கெட்டு, இனி ஃபைபர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு எங்களிடம் வந்தான். கடலுக்குப் போகவும் மூச்சு காணாது. இந்த வேலை போனால் அவனுக்கு வேறு வழியில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கேட்டதும் மறைக்காமல் சொன்னான்.

"மழையில்லா அண்ணா, சீக்கிரம் செட்டாவட்டேண்ணு ஒரு கை ஹார்டனர் கூடப் போட்டேன். வள்ளத்துக்கு நாங்க அப்பிடித்தான் போடுவோம்."

வள்ளத்து ரெசினில் அது நடக்கும். யூரித்தேனில் ஹார்டனர் வெறுமனே தூண்டிவிடுகிற சாமான் இல்லை, சங்கிலியிலேயே ஒரு கண்ணி. மூலச் சரக்கான பிரீபாலிமர் பத்துக் கிலோவுக்கு ஹார்டனர் ஒன்றேகால் கிலோ. அந்த அளவில் பிரீபாலிமரின் முனைகள் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஓவன் சூட்டில் அவை பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கிராஸ்லிங்க். ஹார்டனர் கூடினால் பிடிக்க முனை மிஞ்சாது. அமுங்கிய சரக்கு பிறகு எழும்பாது.

முதலாளி அதிகம் பேசவில்லை. "எலே லூர்து, இது வள்ளமில்ல, வீலாக்கும். இன்னொரு மட்டம் இப்பிடி வந்தா நீ வீட்டுலயே இருந்துக்க."

அதே கம்பெனியின் அடுத்த ஆர்டருக்கு என் புத்தி வேலை செய்தது. கூட்டினால் சப்புகிறது, அப்போது நன்றாகக் குறைத்துவிட்டால் என்ன? சாக்பீஸ் எடுத்துப் பலகையில் ஒரு கிலோ நூறு கிராம் என்று எழுதினேன். லூர்து கிராம் பிசகாமல் போட்டான். ஷோர் மீட்டர் மறுபடியும் தொண்ணூறு. இந்த முறை வீல் சப்பவில்லை. நானும் ஒரு வாரம் பெரிய ஆளாகத் திரிந்தேன்.

பிறகு அந்த வீலும் சாக்கில் திரும்பி வந்தது. ஓட்டுக் கம்பெனித் தரையில் உடைந்த ஓட்டுச் சில்லுதானே கிடக்கும். சில்லு குத்திய சின்ன வெட்டெல்லாம் நிற்காமல் கீறிக்கொண்டே போய், விளிம்பு துண்டு துண்டாக உதிர்ந்திருந்தது. ஹார்டனர் குறைந்தால் கிராஸ்லிங்க் மிஞ்சும். அப்போது சப்பாது, ஆனால் கிழியும். அதை அன்றைக்குத்தான் படித்தேன்.

முதலாளியின் ஜீப் சத்தம் கேட்டது. ஈரத் துணியால் பலகையைத் துடைத்தேன். யார் வார்த்தது என்று கேட்டார். லூர்துதான் என்றேன். பொய்யில்லை. லூர்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாலு வருடம் கழித்து பாறசாலை ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். பாதி ஆளாகியிருந்தான். மறுபடியும் ஃபைபர் வள்ளம்தான். இருமி முடித்துவிட்டு, ரெண்டாமத்த ஆர்டர் எதனால் கிழிந்தது என்று கேட்டான். வேலை தெரிந்தவனின் கேள்வி. நான் அளவைக் குறைத்து எழுதியதால்தான் என்று சொன்னேன், துடைத்ததையும் சொன்னேன்.

அவன் விரல்களைக் கோத்து வலைக் கண்ணி மாதிரிக் காட்டினான்.

"வலையும் அப்பிடித்தான் அண்ணா. முடிச்சு கொறஞ்சா தொய்யும், நெருங்கிப்போனா ஒரு நூலு அறுந்தாப் போதும், கீறிட்டே போவும்." மூச்சு வாங்கினான். "அப்பம் எனக்க கை பெசகல்ல, இல்லியா? இத்தன வருஷமும் பெசகிப்போச்சுண்ணுதான் நெனச்சிட்டிருந்தேன்."

ஆகவே, போன் செய்கிற பிள்ளைகளுக்கு: பத்துக் கிலோவுக்கு ஒன்றேகால். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாற்றினால் பலகையில் அளவோடு உங்கள் பெயரையும் எழுதுங்கள். சரக்கு திரும்பி வந்தாலும் அதைத் துடைக்காதீர்கள்.