வெயில் பந்தி

தரிசனம் கண்டேன், சத்தம் கேட்டேன் என்று கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொல்கிற கிறிஸ்தவர்களைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வரும். உச்சி வெயிலில் பருத்தி எடுத்தால் யாருக்கும் நாலு சத்தம் கேட்கத்தான் செய்யும் என்பேன். ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை, கோயிலில் முன்வரிசைப் பாய், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம், என் விசுவாசம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் திருநாளில் ஆராதனை முடிந்ததும் அசனம் உண்டு, சபையார் எல்லோருக்கும் ஒன்றாகப் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவது. ஒன்றாக என்பது பேச்சுக்குத்தான். எங்கள் தெருக்காரர்களுக்குப் பந்தலுக்குள் பாய் விரித்திருக்கும், எங்கள் பருத்திக்காட்டில் வேலை செய்கிற தெற்குத் தெருக்காரர்களுக்கு வெளியே வெட்டவெளி. கரிசல் மண் அந்த நேரத்தில் தோசைக்கல் மாதிரி கிடக்கும்.

அந்த வருஷம் என் மகள் எஸ்தருக்குப் பேசி முடித்திருந்த கயத்தாறு சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இலை போட்டுவிட்டு நான் என் இலையோடு உட்காரப் போனேன். "ரூத்து, இங்கன வா" என்று ஒரு குரல், வெளியே வெயிலில் இருந்து. ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் அது, அப்படிக் கூப்பிட ஒருவரும் கிடையாது, ஊருக்கே நான் தங்கம்தான். திரும்பிப் பார்த்தேன், அங்கே யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை. மறுபடியும் அதே குரல், கெஞ்சவும் இல்லை அதட்டவும் இல்லை, அடுத்த வீட்டில் இருந்து கூப்பிடுகிற மாதிரி. ஆண்டவர் கூப்பிட்டால் வேதாகமத் தமிழில்தான் கூப்பிடுவார் என்று நினைத்திருந்தேன், நம்மூர்ப் பேச்சில் கூப்பிட்டால் என்ன செய்வது? யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதீர்கள். போனால் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்பதும் தெரிந்தது. அதே இலையோடு வெயிலுக்கு இறங்கினேன்.

"நீயா தவமணி கூப்பிட்ட?" என்று எங்கள் காட்டில் களை எடுக்கிறவளைக் கேட்டேன்.

"நான் எதுக்கும்மா கூப்பிடப் போறேன்? இங்கன வெயிலு, உள்ள போங்க. அய்யா பாத்தா வைவாவ" என்று அவள் பதறினாள்.

வரிசையின் கடைசியில், அவளை அடுத்து உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. மண் சுடவில்லை. என் இலை மேல் நிழல் விழுந்திருந்தது, அங்கே மரமும் கிடையாது, வானத்தில் மேகமும் கிடையாது.

என் வீட்டுக்காரர் வேகமாக வந்தார். "ஏட்டி, எந்திரி! மானத்த வாங்குதியா?"

"எந்திரிக்க மாட்டேன். கூப்பிட்டவிய போவச் சொல்லட்டும், போறேன்."

கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, எனக்கு அந்தப் பக்கத்து வெறுந்தரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கொதிக்கிற மண்ணில் நடந்து பந்தலுக்குப் போனார்.

சம்பந்தம் அன்று சாயங்காலமே முறிந்தது. எஸ்தருக்கு வேறு இடம் அமைய வருஷங்கள் ஆயின, அதுவரை அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை, அதற்காக எவ்வளவோ அழுதிருக்கிறேன். ஆனாலும் மறு வருஷம் வெயிலில்தான் போய் உட்கார்ந்தேன், அதற்கடுத்த வருஷமும். குரல் திரும்பக் கேட்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டால் போதாதா? ஊர் பேசியது, பேசிவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரர் அன்று எதைப் பார்த்தார் என்று எத்தனையோ முறை கேட்டேன், எழுந்து வெளியே போய்விடுவார். சாகும்வரை தெற்குத் தெரு வரிசையில் அவர் உட்காரவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார். எஸ்தரின் பிள்ளை ஓடிவந்து அங்கே உட்காரப் போனால், கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்.

"அங்கன உக்காராதலே, ஆள் இருக்கு."