கொட்டச்சேட்டில் ஒரு ரேடியேட்டருக்காக

மலைச்சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் யோசனை சொல்லியிருக்கிறேன். அதை எழுதியபோது என்னிடம் கார் இல்லை. எந்த மலையையும் கிட்டத்தில் பார்த்ததும் இல்லை. எனக்குத் தெரிந்து அந்த யோசனையை நம்பிக் கெட்ட ஒரே வாசகன் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சேலத்தை விட்டுக் கிளம்பினேன். கார் சீமையில் செய்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரிடம் வாங்கினேன். விற்ற அன்று அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிக்குக் காரணம் அன்று எனக்குப் புரியவில்லை. ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஏழாவது வளைவில் ஒரு முறையும் பதினான்காவதில் ஒரு முறையும் காருக்குத் தண்ணீர் காட்டினேன். ஒன்பதரைக்கு ஏரிக்கரை. நிற்க இடமில்லாத கூட்டம். ஒண்டிக்கடை என்கிற சந்திப்பில் அறுபது பைசாவுக்கு ஒரு டீ. ஏரியைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதியாயிற்று. வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்க்காத பக்கம் போய் எழுதுவோமே என்று கொட்டச்சேடு சாலையில் காரைத் திருப்பினேன். தூரம் எத்தனை என்று சொல்வது என் கடமை. மீட்டரில் முள் ஆடாததால் சொல்ல வழியில்லை. முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இருபக்கமும் காப்பித் தோட்டம். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. சாலை இறங்கத் தொடங்கியதும் இன்ஜினை அணைத்தேன். அதன் பிறகு கிடைத்த அமைதியை எப்படிச் சொல்வது? பறவைச் சத்தம் கேட்டது. டயர் சரளையில் உரசுவது கேட்டது. கொட்டச்சேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவுக்கு அப்பாலிருந்து இரண்டு முறை ஹாரன் அடித்ததும் தெளிவாகக் கேட்டது. நான் பதிலுக்கு அடிக்கவில்லை. வளைவைச் சுருக்க வேண்டி சாலையின் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் ஓர் எஸ்டேட் ஜீப் ஏறி வந்தது.

யாருக்கும் அடியில்லை. ஜீப்பின் பம்பர் கொஞ்சம் வளைந்தது. என் காரின் முகம் மொத்தமாக உள்ளே போய்விட்டது.

கால் மணியில் எஸ்டேட் ஆபீசிலிருந்து ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பெயர் கேட்டார், சொன்னேன். தொழில் கேட்டார்.

“ரைட்டர்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படீங்களா? நானும் ரைட்டர்தானுங்க. நீங்க எந்த எஸ்டேட்டுங்க?”

அந்த மலையில் ரைட்டர் என்றால் ஆள்பேர் எழுதும் குமாஸ்தா. கதை, கட்டுரை எழுதுகிறவன் என்று விளக்கினேன். சற்று இரக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டு, ஜீப் டிரைவரைக் காட்டி, “இவன் ஹாரன் அடிச்சது கேட்டுச்சுங்களா?” என்றார்.

“இல்லை” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. ஆனால் அதைத் திரும்ப அழைக்கவும் இல்லை. சாலை ஒழுக்கம் பற்றி வாராவாரம் பத்தி எழுதுகிறவன் நான்.

ஜீப் டிரைவர் பழனி, முப்பது வயது, ஒல்லியான ஆள். கைகட்டி நின்றபடி அவர் சொன்னது இதுதான்: “ரெண்டு தடவை அடிச்சனுங்க. அடிச்சுப்போட்டு நின்னு கேட்டனுங்க. இவிங்க வண்டிச் சத்தம் எனக்குக் கேக்கலீங்க.”

ரைட்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை. கொட்டச்சேட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார், பெயர் தனபால். கார் அவருடைய தகரக் கொட்டகைக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. ஜீப்பின் பம்பரைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி அரைமணியில் அனுப்பிவிட்டார். பிறகு என் காரை மூன்று முறை சுற்றி வந்தார்.

“ஏனுங்க, இதை எங்கீங்க புடிச்சீங்க?”

“ஒரு பேராசிரியரிடம்.”

“படிச்சவிங்க விவரமாத்தான் இருக்கறாங்க” என்றார். “ரேடியேட்டர் போச்சுங்க. ஃபேன் போச்சு. ஸ்டியரிங் ராடு வளைஞ்சிருச்சு. இதுக்குச் சாமான் சேலத்துல இருக்காதுங்க. கோயமுத்தூர்ல கேக்கோணும். அங்கயும் இல்லீன்னா மியூசியத்துலதானுங்க.”

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அதை ரேடியேட்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். சேலத்தில் பழைய சாமான் விற்கும் கடைக்குப் பஸ் கண்டக்டர் மூலம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார். மேலே ஏற்காட்டில் சீசன். லாட்ஜில் இடம் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் டயர்களுக்கு நடுவே ஒரு கயிற்றுக் கட்டில் கிடைத்தது.

சாப்பாட்டுக்கு பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு கடை. இட்லி இருபத்தைந்து பைசா. மதியம் களியும் கீரைக் குழம்பும். கடை நடத்துகிற பெண் ராசாத்தி. நாலாவது இட்லியில்தான் தெரிந்தது, அவர் பழனியின் மனைவி. ஐந்தாவதைக் கேட்க வாய் வரவில்லை.

“வெச்சுக்கோங்க, இன்னொண்ணு” என்று அவரே வைத்தார். விலையில் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. குறைத்திருந்தாலாவது, இல்லை கூட்டியிருந்தாலாவது, எனக்குச் சற்று வசதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பஸ் வரும் பதினொரு மணிக்கு எதிர்கொண்டு நின்றேன். வியாழனன்று ஒன்றும் வரவில்லை. வெள்ளியன்று கண்டக்டர் கூரையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கச் சொன்னார். இரண்டு பேர் இறக்கினார்கள். லாரி ரேடியேட்டர். அதற்குள் என் காரை நிறுத்தலாம் போலிருந்தது. தனபால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல சாமானுங்க” என்று மனப்பூர்வமாகப் பாராட்டி அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்.

காத்திருப்பவனுக்குக் கண் வேலை செய்யும். தினமும் காலை ஏழுக்கு அந்த ஜீப் கடையைத் தாண்டிப் போகும். ஓட்டுவது வேறொருவர். அதற்குப் பின்னால் பழனி மண்வெட்டியோடு நடந்து போவார், காப்பிக் கன்றுக்குக் குழி வெட்ட. என்னைக் கண்டால் கும்பிடுவார். இரண்டு காதிலும் பஞ்சு. மலைக் குளிருக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மே மாதத்தில் என்ன குளிர் என்று எனக்குத் தோன்றவில்லை.

தனபால்தான் விஷயத்தைச் சொன்னார். பழனி நாலு வருடமாகத் தற்காலிக டிரைவர். இந்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டியது. அதற்குள் இந்த மோதல். திங்கட்கிழமைக்குள் தொரைக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியில்லை என்றால் நிரந்தரமாகக் குழிவெட்டுதான். தொரை என்பது வெள்ளைக்காரர் அல்ல, எஸ்டேட் மேனேஜர். தமிழர்தான், பட்டம் மட்டும் பழையது.

சனிக்கிழமை சாயங்காலம் பழனி என் கட்டிலருகே வந்து நின்றார்.

“சார் ரைட்டருன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு எக்ஸ்பிளனேசன் எழுதித் தரோணுங்க. எங்க ரைட்டரு எழுதுனா தொரை நம்ப மாட்டாருங்க, உள்ளாளுன்னு.”

நான் வெளியாள் என்பதால் நம்பிக்கை. ஒப்புக்கொண்டேன். அன்று எழுதியதுபோல் கவனமாக என் வாழ்நாளில் எதையும் எழுதியதில்லை. நாலு பக்கம். மலையின் இயற்கை அமைப்பில் தொடங்கி, வளைவுகளின் இயல்பைத் தொட்டு, மனிதப் புலன்களின் எல்லையைச் சொல்லி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு, அதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். பழனி ஒரு காதுப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ராசாத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்.

“‘எதிர்பாராத விதமாக இரு வாகனங்களும் மோதிக்கொண்டன’ ” என்று வாசித்தேன்.

துலக்குவது நின்றது. “ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டு மோதிக்கிச்சுங்களா?”

“அது எழுத்து நடை, அம்மா.”

“நடையெல்லாம் இருக்கட்டுங்க. இவரு ஹாரன் அடிச்சாரா இல்லையா, அது எங்கீங்க இருக்குது?”

இருந்தது. மூன்றாம் பக்கத்தில். ‘ஒலி எழுப்பப்பட்டிருக்கக் கூடும்’ என்று.

பழனி மனைவியைக் கையமர்த்தினார். “அதை வுடு புள்ள. சார், ஒரு வரி சேத்தோணுங்க. எனக்குக் காது மந்தமாயிருச்சுன்னு எழுதிருங்க.”

“என்ன?”

“ஆமாங்க. நாலு வருசமா இந்த ரோட்டுல இப்படித்தானுங்க ஓட்டறேன். வளைவுல ஹாரன் அடிப்பேன், ஒரு நிமிசம் காது குடுப்பேன். எதுக்க வண்டி வந்தா இன்ஜின் சத்தம் கேக்கும். பஸ்ஸா லாரியான்னு கூடச் சொல்லிருவேன். அன்னைக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. ஒண்ணுமே. உங்க வண்டி அத்தாம்பெருசா வந்திருக்குது, எனக்குக் கேக்கலீன்னா காதுதானே போச்சு? அஞ்சு நாளா எண்ணெய் ஊத்திப் பாத்தாச்சு. காது கேக்காதவன் வண்டியில ஆளை ஏத்திக்கிட்டுப் போனா தப்புங்க. குழி வெட்டியே பொழைச்சுக்கறனுங்க. எழுதிருங்க.”

நான் சொன்ன பொய்யை அந்த மனிதர் மறுக்கவே இல்லை. தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக அவர் போகும்போதும் வரும்போதும் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டு இட்லி தின்றிருக்கிறேன்.

“பழனி, உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை” என்றேன். “என் இன்ஜின் ஓடவில்லை.”

“ரிப்பேருங்களா?”

“இல்லை. நானே அணைத்தேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க. சத்தமே இல்லாமல்தான் வந்தேன். நீங்கள் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது. இரண்டு முறை.”

பழனி அடுத்த காதுப் பஞ்சையும் எடுத்தார். தூரத்தில் ஏதோ ஒரு வண்டி மேடேறும் சத்தம். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பால் வண்டி” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. “புள்ள, பால் வண்டி வருது பாரு.” என்மேல் கோபப்பட வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை, அத்தனை சந்தோஷம். ஒரு திட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அந்த வேலையை ராசாத்தியும் செய்யவில்லை. நாலு பக்கத்தையும் என் கையிலிருந்து வாங்கி, அடுப்பில் திணிக்காமல், ஓரமாக மடித்து வைத்தார். “இட்லி மடிக்க ஆகுங்க” என்றார். பிறகு, “இப்பச் சொன்னீங்களே, அதை எழுதுங்க. அத்தனையே போதும்.”

எழுதினேன். ஐந்து வரி. ‘ஹாரன் எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் சொன்னது பொய். என் கார் இன்ஜின் அணைந்திருந்தது; அதை அணைத்தது நான். சாலையின் தவறான பக்கத்தில் வந்தேன். டிரைவர் பழனிமேல் தவறில்லை.’ கீழே என் கையெழுத்து. அலங்காரம் எதுவும் இல்லாமல் நான் எழுதிய முதல் பத்தி அதுவாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு எஸ்டேட் பங்களா வரை நானே நடந்து போய்க் கொடுத்தேன். மேனேஜர் நின்றபடியே படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“எவ்வளவு பெட்ரோல் மிச்சமாச்சு?” என்றார்.

“கால் லிட்டர் இருக்கும்.”

உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பழனியை வரச் சொல்லுங்க” என்று மட்டும் உள்ளே பார்த்துச் சொன்னார். நான் இருக்கும்போது இடப்பட்ட ஒரே உத்தரவு அது. அதன் முடிவு எனக்குத் தெரியவில்லை. செவ்வாயன்று காலை ஏழுக்கு ஜீப் கடையைத் தாண்டியது. பழனி ஓட்டிக்கொண்டு போனார். தற்காலிகமா நிரந்தரமா என்பது வண்டியைப் பார்த்துத் தெரிகிற சமாசாரமில்லை. கேட்கும் யோக்கியதையும் எனக்கில்லை.

புதன்கிழமை, ஒன்பதாம் நாள், பதினொரு மணி பஸ்ஸில் ரேடியேட்டர் வந்தது. ஸ்டியரிங் ராடும் வந்தது. ஃபேன் வரவில்லை. பழைய ஃபேனைத் தனபால் நிமிர்த்தி மாட்டினார்; அது சுற்றும்போது யாரோ குறைப்பட்டுக்கொள்வது போல ஒரு சத்தம் வந்தது. மூன்று மணிக்குப் புறப்பட்டேன்.

நான் வசிக்கும் சென்னையில் ஹாரன் என்பது ஒரு வசவு. ‘தள்ளு, நான் வருகிறேன்’ என்பதைத் தவிர அதற்கு அர்த்தம் கிடையாது. அடித்துவிட்டு யாரும் காது கொடுப்பதில்லை. இந்த மலையில் அது ஒரு கேள்வி. ‘யாராவது வருகிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு நிமிடம் நிற்கிறார்கள். ஐம்பது வயது வரை எழுத்தில் பிழைத்தவன் நான். என்னைக் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு என்னிடமிருந்து போன பதில் மௌனம். இருபது வளைவுகளிலும் இன்ஜினை ஓடவிட்டே இறங்கினேன். ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தேன். ஒவ்வொன்றிலும் நின்றேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் என்னை என்னென்ன சொன்னார் என்பதை இங்கே அச்சிட முடியாது.

ஆறு மாதம் கழித்து, விட்டுப்போன ஃபேனைத் தேடிச் சேலத்துப் பழைய சாமான் கடைக்குப் போனபோது தனபாலைப் பார்த்தேன். கேட்காமலே சொன்னார்.

“பழனிக்குப் பர்மனென்ட் ஆயிருச்சுங்க. நீங்க எழுதுனீங்களே லெட்டர், தொரை அதை ஃபைல்ல வெச்சிருக்கறாருங்க. புதுசாச் சேர்ற டிரைவருங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டறாரு.”

எழுத்தாளன் புத்தி. அந்த நிலையிலும் கேட்டேன்: “கேட்டுவிட்டு என்ன சொல்கிறார்கள்?”

“என்னத்தைங்க சொல்றது? ‘அந்தாளு இன்னும் வண்டி ஓட்டறானா’ன்னுதானுங்க கேக்கறாங்க.”