தோளில் ஒரு கை

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் அச்சுக்கடைக்கு ஒரு லோரி ஓட்டுநர் காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழத் தடிமன். அந்த விரல்களால்தான் உள்ளங்கை உயரத்துக்குக் களிமண் வீரர்களைச் செய்வார். கடையில் விற்கும் பொம்மைகளுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு வீரனுக்கும் நான் அட்டைப்பெட்டி வடிவமைத்துத் தரவேண்டும். வந்ததும் பொம்மையை என் கணினித் திரையைப் பார்க்கும்படி நிறுத்துவார்.

“அதுவும் பாக்கட்டும் லா” என்பார்.

ஒருநாள் வாளும் கவசமும் இல்லாத பொம்மை வந்தது. நீல நிறத் தொழிற்சாலைச் சட்டை போட்ட பெண். கையில் சாப்பாட்டுத் தூக்கு. இறந்துபோன அவர் மனைவி.

பெட்டியில் அச்சடிக்க, கல்யாண மண்டபம் ஒன்றில் எடுத்த அவளுடைய படத்தைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். படத்தின் ஓரத்திலிருந்து யாருடைய கையோ நீண்டு அவள் தோளில் கிடந்தது. மெனக்கெட்டு அதை அழித்துவைத்தேன்.

திரும்பி வந்தவர் திரையைப் பார்த்தார். பொம்மையை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தார்.

“அந்தக் கை என்னோடது தம்பி. படம் எடுத்தவன் என்னை வெட்டிட்டான்.”

பதறிப்போய் ‘அண்டூ’ விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன். நான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்து, கை மீண்டும் தோளுக்கு வந்துவிட்டது. அவர் அந்த விசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகும்?”

“ஃபைல் திறந்த நேரம் வரைக்கும்தான் அங்கிள்.”

தலையசைத்துவிட்டு, பொம்மையைத் திரையின் பக்கம் திருப்பினார்.

அந்தத் தூரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.