குட்டை ஸ்பிரிங்கும் செக்போஸ்ட் ஏட்டும்

என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு யூடியூப் பார்த்து நானே குட்டை ஸ்பிரிங் மாட்டினேன். இப்போது தரையோடு ஒட்டி, புலி மாதிரி பதுங்கி நிற்கிறது.

அந்தப் பெருமையோடு இன்று மனைவியை ஏற்றிக்கொண்டு பழனிசெட்டிபட்டியிலிருந்து குமுளிக்குக் கிளம்பினேன்.

கேரள எல்லை செக்போஸ்ட்டில் ஏட்டு கை காட்டினார். சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

“வண்டி இந்த அமுங்கு அமுங்கியிருக்கே. பின்னாடி என்ன, ரேஷன் அரிசியா?”

“ஒண்ணுமில்ல சார். நான்தான் உயரத்தக் குறைச்சேன். ஸ்டைலுக்கு.”

“டிக்கியத் திறங்க.”

திறந்தால், நான் கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங் நான்கும் உள்ளே கிடக்கின்றன.

“எதுக்கும் இருக்கட்டும்னு நாந்தான் சார் எடுத்து வச்சேன்” என்றாள் மனைவி.

ஏட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “நல்லாத்தான இருக்கு? இத அடியில மாட்டாம எதுக்கு சார் டிக்கியில வச்சுச் சுமக்குறீக?”

மனைவியும் என் பதிலுக்காக ஆவலாகக் காத்திருந்தாள். நான் ஸ்பிரிங்கை வாங்கி உள்ளே வைத்து டிக்கியை மூடினேன்.

குமுளி போய்த் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையும் வண்டியின் அடிவயிற்றை உரசி அதே கேள்வியைக் கேட்டது.

குமுளிக்கு வேகத்தடை இல்லாத வழி தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் வேண்டாம், அவள் படிப்பாள்.