சுல்மா தேடிய பூஜ்யம்

சுல்மா எத்செவெர்ரி காலையில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பாடம் எடுப்பாள். அது முடிந்ததும் பஸ் மாறி, மொந்தெவிதேயோ நகரத்தின் இந்தக் கோடியிலிருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவாள். நாற்பத்தேழு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். வந்ததும் நாற்காலியில் விழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து மேசையிலிருக்கும் என்னிடம் கேட்பாள்: "வில்மார், இன்னைக்காவது காட்டுமா?"

காட்ட வேண்டியது பூஜ்யம். மின்சார பஸ்ஸின் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று கம்பியைத் தொடாமலே அளக்க அவள் ஒரு சில்லு செய்திருந்தாள். மின்சாரம் ஓடினால் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அதைப் பிடிப்பது ஹால் விளைவு: மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டின் அருகே காந்தம் வந்தால், குறுக்கே துளி மின்னழுத்தம் பிறக்கும். காந்தம் இல்லையென்றால் ஒன்றும் பிறக்கக் கூடாது. இவள் சில்லோ ஒரு வருஷமாகச் சும்மா இருக்கும்போதும் எதையாவது காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஏறி ஏறி இறங்கும். சூடுதான் காரணம் என்று பஞ்சு சுற்றினாள். வெளிக் காந்தத்தைத் தடுக்கும் உலோகப் பெட்டி கேட்டு எழுதினோம். கேட்டதெல்லாம் வந்துவிட்டால் அது எங்கள் ஆய்வுக்கூடமா?

பேராசிரியர் அரோசெனா பொறுமையிழந்துவிட்டார். "சில்லுல இருக்கற தகடே சரியில்ல சுல்மா. வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை மூட்டை கட்டிடலாம். புதுசா ஏதாவது பாரு."

"புதுசா பாக்க என்கிட்ட தெம்பு இல்ல" என்றாள். அது நிஜம். அந்தச் சில்லு போனால் பட்டமும் போயிற்று.

இந்த ஊரில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. ஒரே சுரைக்குடுக்கை கைமாறிச் சுற்றும். வெந்நீர் ஊற்றுகிறவர் மட்டும் மாறக் கூடாது. எங்கள் அறையில் ஊற்றுகிறவள் சுல்மா. பிளாஸ்க்கும் குடுக்கையும் வைக்கும் தோல்பையைத் தோளில் மாட்டி வருவாள். வந்ததும் மேசைக்கு அடியில், சில்லுக்கு நேர் கீழே மாட்டுவாள். போன வருஷம் பிறந்தநாளுக்கு அரோசெனா வாங்கித் தந்த பை.

அந்தப் புதன்கிழமை பையைக் காணோம். வயிற்றெரிச்சலுக்கு டாக்டர் மாத்தேயை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அன்றைக்குச் சில்லோடு இணைத்திருந்த மீட்டர் பூஜ்யம் காட்டியது. "மீட்டர் செத்துடுச்சு" என்றாள். வயரைப் பிடுங்கி மாட்டினேன், உயிரோடுதான் இருந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை.

"உனக்கு வயிறு எரிஞ்சா எங்களுக்கு என்னத்துக்குத் தண்டனை?" என்று நான்தான் நச்சரித்தேன். வியாழக்கிழமை பையோடு வந்து, வழக்கமான இடத்தில் மாட்டினாள். எண் துள்ளியது. பிளாஸ்க்கை எடுக்கப் பையைத் திறந்தாள், மறுபடி துள்ளியது. அவள் கை அப்படியே நின்றது.

பையின் வாய் காந்தத்தால் ஒட்டிக்கொள்வது. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடின கதை.

அரோசெனாவைக் கூப்பிட்டாள். பையைத் திறந்தாள், மூடினாள். எண் ஆடியது.

"நான் குடுத்த பையா?" அவர் முகம் செத்துப்போயிற்று.

"நீங்க குடுத்ததுதான். நல்ல பை. கெட்டியா மூடுது."

"அப்ப சில்லு நல்லாத்தான் இருக்கு."

"முன்னாடியும் நல்லாத்தான் இருந்துச்சு."

குதிப்பாள் என்று நினைத்தேன். தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷ அளவுகள் அத்தனையும் குப்பை. எனக்கு அந்தப் பையை ஜன்னல் வழியாக வீசவேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"கூட்டத்துல நான் பேசிக்கறேன், சில்லை யாரும் தொட மாட்டாங்க" என்றார் அரோசெனா. "ஆனா அளவெல்லாம்..."

"திரும்ப எடுக்கணும். தெரியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "எடுக்கறேன். இன்னைக்கு இல்ல. இன்னைக்கு நான் போய்த் தூங்கறேன்."

பையை விட்டுவிட்டே போய்விட்டாள். அரோசெனா அதைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே நடைக்கூடத்து ஆணியில் மாட்டினார். நான் மீட்டரைத் திரும்பிப் பார்த்தேன். பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் அவள் இல்லை.