ஓஃப்சைட் கேட்ட தங்கச்சியும் என் ஒரு வார வெளியேற்றமும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மோர்டனில் என் வீட்டில் நடந்தது இது.

லண்டனில் ஒரே கால்பந்து அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும் நூறு தமிழர்களின் வட்ஸ்அப் குழுவை நான் நடத்திவந்தேன். காலை வணக்கப் பூக்கள், கோயில் நோட்டீஸ், காணி விற்பனை எதுவும் எங்களிடம் கிடையாது. பதினொரு விதிகள் எழுதி வைத்திருந்தேன். சேர வருபவர்கள் ‘வாசல்’ என்ற சின்னக் குழுவில் நின்று கால்பந்து பற்றிய மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் உள்ளே வரலாம். யாழ்ப்பாணத்தான் எங்கே போனாலும் ஒரு பரீட்சை வைக்காமல் விடமாட்டான் என்று மனைவி சொல்வாள்.

அன்று எங்கள் அணி போட்ட கோலை நடுவர் ஓஃப்சைட் என்று மறுத்துவிட்டார். குழுவே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, முந்தின வாரம் சேர்ந்த மன்னார்ப் பெண் ஒருத்தி எழுதினாள்: “பந்து உள்ளுக்குத்தானே போனது? பிறகேன் எல்லாரும் அழுறீங்கள்? ஓஃப்சைட் எண்டால் என்ன?”

எனக்கு வந்ததே கோபம்! என்னோடு சேர்ந்து குழுவைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். “இந்தக் கழுதையை ஆர் உள்ள விட்டது? ஆரோ காதுக்குள்ள விடை சொல்லியிருக்கினம். தூக்கி வெளியில போடுங்கோ!” பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டத்தில் மூழ்கினேன்.

முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், பதிவு நண்பருக்குப் போகவில்லை. குழுவுக்கே போயிருக்கிறது. எல்லாரும் கேட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, பின்னால் என் மனைவி, “பாவம், புதுசா வந்த பிள்ளையாக்கும், விடுங்கோவன்” என்றதும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அவளைப் பாராட்டி இதயங்கள் குவிந்திருந்தன. எனக்கு வந்திருந்தது நாலாம் விதி: உறுப்பினரை இழிவாகப் பேசினால் ஒரு வாரம் வெளியே, திரும்பி வர மறுபடியும் வாசல் பரீட்சை. எழுதினவன் நானேதான்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே அண்ணை” என்று சொல்லி நண்பர் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

அந்த வாரம் பார்த்துத்தான் அரையிறுதி. கூடக் கத்த ஆளில்லாமல் தொலைக்காட்சியோடு கத்தினேன். மனைவியிடம் நியாயம் சொல்லப் போனால், “என்னட்டச் சொல்லி என்ன? நான் குறூப்போ?” என்றாள்.

மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். வால்தம்ஸ்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையாம்.

“பரவாயில்லை அண்ணை. பிரேக் நேரத்தில எல்லாரும் புட்போல்தான் கதைக்கினம். எனக்கு ஒண்டும் விளங்காது, சும்மா சிரிச்சுக்கொண்டு இருப்பன். அவையளோட நாலு வார்த்தை கதைக்க வேணுமெண்டுதான் சேர்ந்தனான்.”

வெட்கமாகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிடங்கு வேலையில், விளங்காத பகிடிக்கெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றவன்தான் நானும்.

வாரம் முடிந்து வாசலில் போய் நின்றேன். கேள்வி கேட்கும் பொறுப்பை நண்பர் அவளிடமே கொடுத்திருந்தார். வேடிக்கை பார்க்கப் பழையவர்கள் முண்டியடித்து வந்திருந்தார்கள். அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

“ஓஃப்சைட் எண்டால் என்ன அண்ணை?”

பந்தை நமக்கு அடிக்கும்போது, எதிரணியில் கோல்காப்பாளருக்கு முன்னால் நிற்கும் கடைசி ஆளையும் தாண்டி நிற்கக்கூடாது என்று நீளமாக எழுதினேன். “விளங்கேல்லை அண்ணை.” திருப்பி எழுதினேன். “இன்னும் விளங்கேல்லை.” கடைசியில் குசினி மேசையில் தேநீர்க் கோப்பைகளை ஆட்டக்காரர்களாக அடுக்கி, மிளகாய்த்தூள் போத்தலைக் கோல்காப்பாளராக நிறுத்திப் படமெடுத்து அனுப்பினேன்.

“இப்ப விளங்குது! வெளியில போன பந்தைக் கையால எறியேக்கையும் ஓஃப்சைட் இருக்கோ?”

“ஓம், பின்ன?” என்றேன்.

அடுத்த நிமிடம் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “இல்லை!” தேடிப் பார்த்தேன். இல்லைதான். இருபது வருடமாக எத்தனை நடுவர்களை வீணாகத் திட்டியிருப்பேன்! இனி வாசலிலேயே கிடக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

“பரவாயில்லை அண்ணை, பாதி சரிதானே. உள்ளுக்கு வாங்கோ” என்றாள் அவள்.

பதினொரு விதிகளும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நுழைவுப் பரீட்சையை மட்டும் எடுத்துவிட்டோம். புதிதாக வந்த யாராவது ஒன்றுந் தெரியாமல் எதையாவது கேட்டால் எனக்கு இப்போதும் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் பாதி விடையோடு என்னை உள்ளே விட்டவள் நினைவுக்கு வருவாள்; அந்தக் கேள்விக்கு விடை முதலில் எனக்குத் தெரியுமா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.