ஆமைக்குப் பின்னால் ஒரு பஸ்

அகுவா சார்காவில் நபோர் ஓட்டும் பஸ்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. முகப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பில் 'அம்மாவின் செல்லப்பிள்ளை' என்று சிவப்பும் மஞ்சளுமாக எழுதியிருக்கும். செல்லப்பிள்ளையின் லட்சணம் என்ன என்பதை அதற்கு முன்னால் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பின்கண்ணாடியில் பார்த்தால் வானம் தெரியாது, மலை தெரியாது, அந்த எழுத்து மட்டும்தான் தெரியும். அவ்வளவு நெருக்கத்தில் வந்து நிற்பார் மனிதர்.

நபோர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது. பிள்ளைத்தாய்ச்சி கை காட்டினால் நிறுத்தமே இல்லாத இடத்திலும் நிறுத்துவார். மனைவி ப்ளாசிதா ஏவிய வேலையை முனகாமல் செய்வார். ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் முன்னால் போகிறவன் எவனாக இருந்தாலும் எதிரி. இத்தனை வருடத்தில் ஒருவரையும் இடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. இடிக்காமல் ஒட்டிக்கொண்டு போவதும் ஒரு வித்தை என்று சக டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் அதே ஜாதிதான், சேர்ந்து சிரிப்பார்கள்.

மலைமேல் சான் தெல்மோ, அடிவாரத்தில் அகுவா சார்கா. நடுவில் உள்ள சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம். அங்கே வண்டிகள் வலதுபக்கமாகத்தான் போகும். மெதுவாகப் போகிற வண்டி வெள்ளைக்கோட்டைத் தாண்டி ஓரத்தில் பாதி உடம்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அவசரக்காரன் நடுவில் புகுந்து போய்விடுவான். எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம் இது. இறங்காதவனுக்கு முதலில் ஹெட்லைட் அடிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹாரன். அதிலும் ஐந்து தட்டாக அடிக்கிற ஒரு ஹாரன் உண்டு. அந்தத் தாளத்தைக் கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், பேச்சு தாயாரைப் பற்றியது என்று.

அந்த ஐந்து தட்டை நபோர் அதிகமாகச் செலவழித்தது ஒரே ஒரு வண்டிக்காகத்தான். அது ஒரு வெள்ளை வேன். அந்தத் தடத்து டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆமை. நாற்பதுக்கு மேல் போகாது. அதோடு விட்டால் பரவாயில்லை, ஓரத்திலும் இறங்காது. மழை அரித்து அரித்து ஓரம் பல்லாங்குழியாகிவிட்டது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் இறங்குகிறார்கள், இந்த மகராணிக்கு மட்டும் என்ன கேடு என்பது நபோரின் கேள்வி. ஓட்டுவது ஒரு பெண்மணி என்பது தெரியும். வேனின் பக்கக் கண்ணாடியில் ஒரு மூக்குக் கண்ணாடி பளபளக்கும். இவர் ஐந்து தட்டுவார். அந்த மூக்குக் கண்ணாடி அசையாது. வருடக்கணக்காக இவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை நபோரின் மகள் யுரிதியாவுக்குப் பதினைந்து வயது நிறைந்த விழா. அந்த ஊரில் பெண்பிள்ளைக்கு அது கல்யாணத்துக்குச் சமம். மதியம் மாதா கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் விருந்து, ஆட்டம். காலைச் சவாரிக்கு மாற்று டிரைவர் கிடைக்கவில்லை. ஒரு நடை மேலே போய்விட்டு வந்து, பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு, குளித்து, புதுக் கோட்டு சூட்டு போட்டு, மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போவது என்று திட்டம். நபோர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு நேரம் தாராளம்.

சான் தெல்மோ பஸ் நிலையத்தில் கிளம்பப் போகும்போது ப்ளாசிதா போனில் கூப்பிட்டாள்.

"கிழவா, கெளம்பிட்டியா?"

"இதோ எடுக்கப் போறேன். ஏன்?"

"கேக் இப்பத்தான் அங்கேருந்து கெளம்பியிருக்கு. நாலு அடுக்கு. உச்சியில நம்ம பொண்ணு மாதிரியே ஒரு பொம்மை. ரோட்டுல பாத்தா ஒரு கண்ணு வச்சுக்க."

கேக் யார் செய்கிறார்கள் என்பதே அதுவரை நபோருக்குத் தெரியாது. அந்த ஊரில் இப்படிப்பட்ட விழாவுக்கு ஆளுக்கொரு செலவை ஏற்றுக்கொள்வார்கள். மோதிரத்துக்கு ஒரு ஞானத்தாய், பாட்டுக்காரர்களுக்கு ஒரு ஞானத்தகப்பன். கேக்குக்கு ஞானத்தாய் ப்ளாசிதாவின் தங்கை. ஆர்டர் கொடுத்தது அவள். இவர் தலையிடவில்லை.

"எந்த வண்டியில வருது?"

"காசில்தான்னு ஒரு அம்மா. கேக் செஞ்சு அவங்களே ஓட்டிட்டு வருவாங்களாம். வெள்ளை வேனு."

"ஐயய்யோ, ஆமை" என்றார் நபோர்.

"எந்த ஆமை? எதுக்கு ஆமை? உன் வழக்கமான ஓட்டம் ஓட்டாம ஒழுங்கா வந்து சேரு" என்று போனை வைத்தாள் ப்ளாசிதா.

மூன்றாவது வளைவிலேயே வேன் கண்ணில் பட்டது. இறக்கத்தில் அதே நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. நபோரின் வலது கால் பழக்க தோஷத்தில் அழுந்தப் போனது. கை ஹாரன் பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. உள்ளே நான்கு அடுக்கு, உச்சியில் யுரிதியா. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் காலைத் தளர்த்தி, வேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு நல்ல இடைவெளி விட்டார்.

அந்தச் சாலையில் இடைவெளி விடுவது என்பது சந்தையில் பையைத் திறந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது மாதிரி. பின்னால் வந்த ஒரு டாக்சி பஸ்ஸைத் தாண்டி அந்த இடத்தில் புகுந்தது, வேனின் வாலை முகர்ந்தது, எதிரில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தாண்டிப் போனது. அடுத்து ஒரு கறுப்பு பிக்கப் புகுந்தது. சக்கரமெல்லாம் பளபளவென்று, பாட்டு பஸ்ஸுக்குள் கேட்கிற சத்தத்தில். அவன் முகர்வதோடு நிற்கவில்லை. ஒட்டினான். ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே ஒட்டினான். வேனின் பிரேக் விளக்கு எரிந்தது. வேன் லேசாக ஆடியது.

"அடேய், தள்ளிப் போடா! உள்ள கேக் இருக்குடா!" என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினார் நபோர்.

பிக்கப் ஐந்து தட்டு தட்டியது. வேனை நோக்கித்தான். இருந்தாலும் நபோருக்குத் தன் தாயாரையே சொன்னது போல் சுருக்கென்றது. அவன் வளைவு முடிவதற்குள் தாண்டிப் பறந்துவிட்டான்.

நபோர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி ஒருவனையும் புக விடுவதில்லை. இடைவெளியையும் விடுவதில்லை, தாண்டுகிறவனுக்கு வழியையும் விடுவதில்லை. எவனாவது இடதுபக்கம் மூக்கை நீட்டினால், எதிரில் வண்டி இல்லாவிட்டால், பஸ்ஸை ஒரு சுழி இடதுபக்கம் சாய்த்தார். வலதுபக்கம் ஓரத்தில் இறங்கி முந்தப் பார்த்தால் வலதுபக்கம் சாய்த்தார். இப்படி எவனாவது தனக்கு முன்னால் செய்திருந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்.

பின்னால் வால் நீண்டது. லாரி, கார், கோழி ஏற்றிய வண்டி, எல்லாம் வரிசைகட்டின. ஐந்து தட்டுகள் ஆரம்பித்தன. ஒருவன் முடிக்க அடுத்தவன் எடுத்தான்.

முன் சீட்டில் சீஸ் கூடையோடு ஒத்திலியா அக்கா உட்கார்ந்திருந்தாள். வாரச் சந்தைக்குப் போகிறவள். நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பாள்.

"என்ன நபோரு, சவ ஊர்வலமா? செத்தது யாரு?"

"சும்மா இரு அக்கா."

"எப்படிச் சும்மா இருக்கிறது? என் சீஸ் வேர்த்து ஊத்துது. உனக்குக் காலு மரத்துப் போச்சா, இல்ல பொண்டாட்டி காலை வாங்கி வச்சுக்கிட்டாளா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நபோர் வேறு வழியில்லாமல் சொன்னார். "அந்த வேன்ல என் பொண்ணோட கேக் போகுதுக்கா. இன்னிக்குப் பதினஞ்சு."

ஒத்திலியா எட்டி வேனைப் பார்த்தாள். அப்புறம் நபோரைப் பார்த்தாள். "ஓ! நேத்து வரைக்கும் அதுல போனது யாரு பொண்ணோட கேக்காம்?"

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதற்கு நபோரைவிட நல்ல சாட்சி அந்த மலையில் அன்றைக்கு வேறு யாருமில்லை.

ஆனால் ஒத்திலியாவும் அந்த ஊர்க்காரிதானே. பதினைந்து வயதுப் பெண்ணின் கேக் என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பாளா? கூடையைப் பக்கத்து ஆளின் மடியில் வைத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போய் ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஹாரன் அடிக்கிறவனே, உங்க வீட்டுல பொம்பளப் புள்ளையே பொறக்கலியா? கேக்குடா! போற அவசரத்துல பொறந்தவனே!" அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்து போய்ப் பின்கண்ணாடியில் நின்று கையை ஆட்டினார்கள். லாரிக்காரனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கைகளைப் பார்த்துவிட்டு ஏதோ விபத்து என்று பயந்து பின்வாங்கினான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒதுங்கினார்கள்.

மலை இறங்கி முடிக்கிற வரைக்கும் அப்படியே போனது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று நபோருக்குத் தெரிந்தே இருந்தது. இன்னும் தாண்டிப் போகலாம். போனால் குளிக்கலாம், புது உடை உடுத்தலாம். வேனைப் பின்னால் வருகிற கூட்டத்திடம் விட்டுவிட்டால் போதும். அவர் விடவில்லை. சொல்லப்போனால், கவலை ஒருபக்கம் இருந்தாலும், அந்த நாற்பதில் அவருக்கு ஒரு சுகம் வந்திருந்தது. ஆற்றங்கரையில் யாரோ புது வீடு கட்டி நீலம் அடித்திருந்தார்கள். தினமும் அதைத் தாண்டிப் போகிறவர், அன்றுதான் பார்த்தார்.

கோயில் வாசலில் ப்ளாசிதா பிடித்த பிடியில் கோட்டை மட்டும் மாட்ட நேரமிருந்தது. பஸ் டிரைவர் சட்டைக்கு மேலேயே கோட்டு. கழுத்துவரை பொத்தான். யுரிதியா கடல்நீல கவுனில் நின்றிருந்தாள். "அப்பா, டீசல் வாசனை" என்று காதில் சொல்லிவிட்டுக் கையைக் கோத்துக்கொண்டாள். நபோர் மகளை உள்ளே அழைத்துப் போனார். அவருக்கு அன்று வேறென்ன வேண்டும்?

மண்டபத்தில் கேக் முழுசாக நின்றது. சர்க்கரைப் பூவில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. பிர்ரியா கறியும் சோறும் பரிமாறியாயிற்று, பாட்டு ஓடியது, தகப்பனும் மகளும் ஆடும் ஆட்டமும் முடிந்தது. நபோர் வழிய வழிய வியர்த்தார். கோட்டை மட்டும் கழற்றவில்லை. கேக்கை வெட்டியதும் வீட்டுக்காரர் என்ற முறையில் தானே தட்டுகளை எடுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கத்து மேசையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி தனியே உட்கார்ந்திருந்தாள். அந்த மூக்குக் கண்ணாடியை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்கு அவர் முகம் தெரியாது. தெரிந்ததெல்லாம் பஸ்ஸின் முகம்தான்.

"கேக் ரொம்ப அழகும்மா. வழியில ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" என்றார், தட்டை வைத்தபடி.

"அதை ஏன் கேக்கறீங்க ஐயா. தினமும் ஒரு பஸ் எம் பின்னாடி வரும். அம்மாவின் செல்லப்பிள்ளைன்னு பேரு. ஹாரன்லயே எங்கம்மாவத் திட்டும். இன்னிக்கு ஒரு சத்தம் இல்ல! சும்மாவே பின்னாடி வருது. எனக்குப் பயமாப் போச்சு. திட்டினா அவன் எங்க இருக்கான்னு தெரியும். பேசாம வந்தா என்ன திட்டம் வச்சிருக்கான்னு யாரு கண்டா?"

நபோர் சிரித்துவிட்டார். சிரித்த தைரியத்தில் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க ரொம்ப மெதுவாப் போறீங்கன்னு ரோட்டுல ஒரு பேச்சு இருக்கு."

"நானா?" காசில்தா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் எண்பதுல போனவதான் ஐயா. எவனாவது லைட் அடிச்சா ஓரத்துல எறங்கி வழி விட்டவதான். தொழில் ஆரம்பிச்ச புதுசு. இதே மாதிரி ஒரு பொண்ணுக்குக் கேக் கொண்டு போறேன். அந்தச் செல்லப்பிள்ளை என் வாலுல ஒட்டிக்கிட்டு வருது. ரோட்டுல ஒரு கன்னுக்குட்டி. பிரேக் போட்டா பஸ் என் மேல ஏறிடும். ஓரத்துல எறக்குனேன். குழி. அவ்வளவுதான், மூணு அடுக்கும் தரையில."

"அப்புறம்?"

"பஸ் நிக்காம போயிடுச்சு. நான் வெறுங்கையோட அந்த வீட்டுல போயி நின்னேன். அந்தப் பொண்ணு அழல. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்துச்சு. அத வாங்கிக் குடிச்சேன் பாருங்க, அதுலேருந்து நாப்பதத் தாண்ட மாட்டேன். ஓரத்துலயும் எறங்க மாட்டேன். எவன் என்ன திட்டினாலும் சரி."

நபோர் யோசித்துப் பார்த்தார். கன்றுக்குட்டி நினைவில்லை. ஓரத்தில் இறங்கிய வெள்ளை வேன் நினைவில்லை. வழி விட்டவர்களில் ஒருத்தி, அவ்வளவுதான். இத்தனை வருடம் எந்த ஆமையைத் திட்டித் தீர்த்தாரோ, அந்த ஆமையை உண்டாக்கியதே தான்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மண்டபத்தின் நடுவில் யுரிதியா தோழிகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே டிரைவர் சட்டை. அதன் பையில் ப்ளாசிதா கைப்பட நூலில் தைத்துக் கொடுத்திருந்த பஸ்ஸின் பெயர்.

காசில்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். தன் முன்னால் இருந்த கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க" என்றாள். "மெதுவாச் சாப்பிடுங்க. பின்னாடி யாரும் வரல."